தோல் ஷாப்பும் டயல்-அப் லைனும்

டயல்-அப் காலத்தில் இன்டர்நெட் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. முதலில் கீச்சென்று ஒரு விசில், பிறகு கரகரவென்று ஒரு நீண்ட இரைச்சல். இரண்டு மோடம்கள் எந்த வேகத்தில் பேசிக்கொள்ளலாம் என்று பேரம் பேசுகிற சத்தம்தான் அது! பேரம் படிந்ததும் திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் வரும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் படம் காணாமல் போயிருக்கும். மறுபடி டயல், மறுபடி கரகர.

வீட்டில் இது வெறும் எரிச்சல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் இதை செலவுக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. அது ஏன் என்று புரிய, தோல் வியாபாரம் மாறிய கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பழைய காலத்தில் இந்தப் பக்கத்து தோல் ஷாப்புகளில் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், சென்னை வழியாகக் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். அந்த வியாபாரத்துக்குக் கடிதமும் தந்தியும் போதும். 1970களில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. அதன் பிறகு ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனிகளும், முழு ஷூவே செய்கிற கம்பெனிகளும் பெருகின. ஏலத்துக்குப் போகும் தோலுக்கு யாரும் தினமும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஷூ அப்படியில்லை. நிறம் கொஞ்சம் மாற வேண்டும், தையல் இரண்டு வரிசை வேண்டும், சாம்பிள் எப்போது வரும் என்று ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். டெலக்ஸ், ஃபேக்ஸ், பிறகு இமெயில் என்று ஒவ்வொன்றும் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அத்தியாவசியமானது இப்படித்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பித்தது. முதலில் மும்பை, டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் மட்டும். வேகம் 9.6 கிலோபிட். மாணவர்களுக்கு எழுத்து மட்டும் தெரிகிற 'ஷெல்' கணக்கு 500 ரூபாய்க்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு விலை ஆயிரக்கணக்கில். ஆம்பூரில் இருப்பவர் கணக்கு வாங்கினாலும் சென்னை எண்ணுக்குத்தான் டயல் செய்ய வேண்டும். அதாவது, லைனில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் எஸ்.டி.டி. கட்டணம்!

எஸ்.டி.டி.யில் இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம். பூத்களில் ராத்திரி கூட்டம் சேர்ந்ததற்கு அதுவே காரணம். ஆனால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11 என்றால் ஜெர்மனியில் மாலை 6.30. அங்கே ஆபீஸ் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். உடனே பதில் வேண்டுமென்றால் முழுக் கட்டண நேரத்தில்தான் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் லைன் அறுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இன்டர்நெட் சேவை தரலாம் என்று அரசு திறந்துவிட்டது. பிறகு 172 என்று தொடங்கும் எண்கள் வந்தன. பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட்டுக்கும் அப்படி ஓர் எண். உள்ளூர் அழைப்புக் கட்டணம்தான் என்பதால் சிறு ஊர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் உள்ளூர் அழைப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மீட்டர் 'பல்ஸ்' கணக்கில் ஓடும். அழைப்பு கிடைத்தவுடன் ஒரு பல்ஸ் விழுந்துவிடும். ஒரு நிமிடத்தில் அறுந்தாலும் முழு பல்ஸுக்குக் காசு. மறுபடி டயல் செய்தால் புதிதாக இன்னொன்று. இதோடு ஃபைல் நஷ்டமும் உண்டு. 28.8 கிலோபிட் வேகத்தில் 1 எம்.பி. படம் போக ஏறக்குறைய 5 நிமிடம். நாலாவது நிமிடத்தில் லைன் போனால் இமெயில் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து அனுப்ப வேண்டும். இறக்குவதற்காவது கெட்ரைட் மாதிரி மென்பொருள் இருந்தது. அனுப்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஏற்றுமதிக்காரர் அனுப்புகிறவர்தானே!

சரி, லைன் ஏன் அறுந்தது? பாதிக் காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஒரே லைனில் போன், ஃபேக்ஸ், மோடம் மூன்றும் இருக்கும். பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் போச்சு. கால் வெயிட்டிங் வசதி இருந்தால், இன்னொரு அழைப்பு வரும்போது கேட்கும் 'பீப்' ஒலியே இணைப்பைத் துண்டித்துவிடும். விண்டோஸில் 'சும்மா இருந்தால் துண்டிக்கவும்' என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும், அதைக் கவனிக்காமல் மோடத்தைத் திட்டியவர்கள் நிறைய.

மீதிக் காரணம் தெருவில். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் செம்புக் கம்பியின் இணைப்புகளில் மழைத்தண்ணீர் இறங்கினால் இரைச்சல். தூரம் கூடினால் சிக்னல் பலவீனம். மோடம் இரைச்சலைக் கேட்டதும் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். முடியாவிட்டால் போனை வைத்துவிடும். எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது என்பது எஸ்10 என்ற அளவில் இருக்கும். பல மோடம்களில் அது 14, அதாவது 1.4 நொடிதான். அதை 50 ஆக்கினால் 5 நொடி பொறுக்கும். இன்னொரு வழி, 56 கிலோபிட் தருகிற வி.90 முறையை அணைத்துவிட்டு 33.6க்கு இறங்கிவிடுவது. வேகம் குறைந்தாலும் அறுபடாமல் போனால் மொத்தத்தில் சீக்கிரம் முடியும், காசும் மிச்சம். கம்ப்யூட்டர் சர்வீஸ் பையன்களுக்கு இது மந்திரம் மாதிரி மனப்பாடம்.

198க்குப் புகார் கொடுத்தால் லைன்மேன் வருவார். ரிசீவரை எடுப்பார். டயல் டோன் கேட்கும். "லைன் நல்லாத்தானே இருக்கு" என்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மனிதக் காது கொஞ்சம் இரைச்சலைத் தாண்டிப் பேச்சைப் புரிந்துகொள்ளும், மோடத்தால் முடியாது. அந்த லைன் பேசுவதற்காகப் போட்டது. மோடம் விற்றவர் லைனைச் சொல்வார், லைன்காரர் மோடத்தைச் சொல்வார். பில் மட்டும் சரியான தேதியில் ஒரே விலாசத்துக்கு வரும்.

செம்புக் கம்பியே வேண்டாம் என்று யோசித்தவர்களும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 1990களில் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரையிலான கடைசித் துண்டு ரேடியோவில் போகும். பேசிக்கொண்டே 35 கிலோபிட், பேசாதபோது 70 கிலோபிட். அவருடைய வாதம் சுத்தமான காமர்ஸ் கணக்கு. ஒரு லைன் போட 40,000 ரூபாய் ஆனால் இந்தியாவில் மிகச் சிலரால்தான் அதற்கேற்ற கட்டணம் கட்ட முடியும், 10,000க்குக் கொண்டுவந்தால் கோடிக்கணக்கானவர்களால் முடியும். மதுரை பக்கம் மேலூர் கிராமங்களில் 2001 முதல் இந்தத் தொழில்நுட்பத்தை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன. ஆனால் செல்போனும் பிராட்பேண்டும் வந்த வேகத்தில் அது பின்தங்கிவிட்டது.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் ஆரம்பித்தது. 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி குறைந்தது 256 கிலோபிட். பேச்சுக்கு மேலே உள்ள அலைவரிசையில் போவதால் ரிசீவரை எடுத்தாலும் நெட் போகாது. டயல் செய்யவே தேவையில்லை, பல்ஸும் இல்லை. ஆனால் வந்ததென்னவோ அதே செம்புக் கம்பியில்தான். ஆகவே மழைக்காலத்தில் மோடத்தின் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தது, 198க்கு மறுபடி போன் போனது.