சுவர் விளம்பர எழுத்துகளும் காலக்கணிப்பும்

முன்னுரை

கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகளைப் படியெடுத்துக் காத்துவரும் ஆய்வுலகில், பழைய கடைச் சுவர்களில் வண்ணத்தால் எழுதப்பட்ட விளம்பரங்கள் போதிய கவனம் பெறவில்லை. மங்கி மறைந்துவரும் அவ்வெழுத்துகளையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஓவியம் தரும் சான்று

ஐதராபாத்தில் ஹக்கீம் முகமது மொய்சுதீன் பாரூக்கி 1920இல் உருவாக்கிய யுனானி மருந்து ஜிந்தா திலிஸ்மாத். இதன் விளம்பரங்கள் அச்சுத்தாளில் மட்டுமன்றிச் சுவர்களிலும் இடம்பெற்றன. இவற்றில் காணப்படும் கறுத்த, வலிய உடலினனான வீரன், நிசாமின் குதிரைப்படையில் பணிபுரிந்த ஆப்பிரிக்க வழியினரான சித்திகளை நினைவூட்டுபவன். அப்படையின் பெயர் ஏ.சி. கார்ட்ஸ் என்னும் நகர்ப்பகுதியின் பெயராக இன்றும் வழங்குகிறது. படை கலைந்த பின்னரும் படைவீரனின் உருவம் மருந்து விளம்பரத்தில் நிலைபெற்றமை கருதத்தக்கது.

எழுத்து தரும் சான்று

தமிழ் விளம்பரங்களில் எழுத்து வடிவமே முதற்சான்றாகும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. எனவே துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை', 'னை' வடிவங்கள் ஒரு சுவரில் காணப்படின், அது 1978க்கு முற்பட்டது எனக் கருத இடமுண்டு. ஆயினும் இது முடிந்த முடிபன்று. பழைய வடிவில் கைபழகிய ஓவியர்கள் பின்னரும் அவ்வாறே எழுதியிருக்கலாம். சீர்திருத்தத்தில் பற்றுடையோர் முன்னரே புதிய வடிவை மேற்கொண்டிருக்கலாம்.

ஐயத்தைக் களையப் பிற அகச்சான்றுகள் துணைபுரிகின்றன. 'நயா பைசா' எனும் சொல் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட வழக்கைச் சுட்டும். அஞ்சல் குறியீட்டெண் இருப்பின் அவ்விளம்பரம் 1972 ஆகஸ்டு 15க்கு முற்பட்டதாகாது. 'தமிழ்நாடு' என்னும் முகவரி பெரும்பாலும் 1969க்குப் பிற்பட்டதாகும். ஐதராபாத்து முகவரியில் வரும் 'ஆந்திரப் பிரதேசம்' 1956ஐ மேலெல்லையாகக் காட்டும். 2014இல் தெலங்கானா தனி மாநிலமானது.

ஓவியர் பெயர்

கல்வெட்டின் இறுதியில் எழுதியவன் பெயர் இடம்பெறுவதுபோல, சுவர் விளம்பரத்தின் கீழ் மூலையில் ஓவியரின் பெயரோ அவரது 'ஆர்ட்ஸ்' நிலையத்தின் பெயரோ சிறிய எழுத்தில் காணப்படுவதுண்டு. அக்கலைஞர்களுள் பலருக்கு இதுவன்றி வேறு எழுத்துப் பதிவில்லை. பிளெக்ஸ் அச்சு 2000க்குப் பின் பரவியபோது அவர்களது தொழிலும் பெரிதும் நலிந்தது.

அழிவும் பதிவும்

மேலைநாட்டு நகரங்களில் ஈய வெள்ளை கலந்த எண்ணெய் வண்ணம் செங்கற் சுவரில் ஊறி நெடுங்காலம் நின்றது. இங்கோ சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதியவை மழையில் கரைகின்றன; எஞ்சியவை பண்டிகைக்கு அடிக்கும் வெள்ளையில் மறைகின்றன. கல்வெட்டைப்போல் இவற்றை மைப்படி எடுக்கவும் இயலாது.

முடிவுரை

சுவர் விளம்பரத்தின் ஓவியம் சமூக நினைவையும், எழுத்தும் முகவரியும் காலத்தையும், கையொப்பம் கலைஞரையும் அறியத் துணைபுரிகின்றன. எந்த ஒரு சான்றையும் தனித்துக் கொள்ளாது ஒப்பிட்டே காலம் கணித்தல் வேண்டும். தெரு, கட்டடம், அளவு, எழுத்து வடிவம் ஆகிய குறிப்புகளுடன் இவற்றை ஒளிப்படமாகத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். கட்டடம் இடிக்கப்பட்டபின் மூலத்தை ஒப்புநோக்க வழியில்லை.