309 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு



உங்களில் சிலர் கிரில் பட்டறை நடத்துகிறீர்கள். சிலர் வளைகுடா நாடுகளில் வெல்டராக இருக்கிறீர்கள். மற்றவர்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது கட்டப்போகிறீர்கள். இன்றைய பதிவு எல்லோருக்கும் பயன்படும். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மாடிப்படிக்கும் பால்கனிக்கும் எவர்சில்வர் கைப்பிடி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அதன் காலைச் சாதாரண இரும்புத் தகட்டில்தான் பற்றவைக்கிறார்கள். எந்த ராடு போடுவது? எம்.எஸ். ராடு 6013 மலிவு. எஸ்.எஸ். ராடு 308 பட்டறையில் எப்போதும் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் 309 வேண்டும் என்பார்கள். அதற்கு விலை அதிகம். "எதைப் போட்டாலும் ஒட்டத்தானே செய்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டும், உண்மைதான். ஒட்டியது நிற்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் கைப்பிடியில் சாய்ந்து நிற்கப்போவது குழந்தைகளும் வயதானவர்களும்.

இந்தக் கேள்விக்கு உலகம் விடை கண்டுபிடிக்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டு கண்டுபிடிப்புகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தன. ஒன்று, மேல்பூச்சு பூசிய வெல்டிங் ராடு. ஸ்வீடன் நாட்டில் கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ஷெல்பெர்க் என்பவர் அதை உருவாக்கி, 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். மற்றொன்று துருப்பிடிக்காத எஃகு. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் க்ரூப் ஆலையைச் சேர்ந்த பென்னோ ஸ்ட்ராஸும் எட்வர்ட் மௌரரும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகை உருவாக்கினார்கள். 1912இல் அந்த ஆலை அதற்குக் காப்புரிமை கோரியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராயும்போது, சுமார் 13 சதவீதம் குரோமியம் உள்ள எஃகு துருப்பிடிக்காமல் நிற்பதைக் கண்டார். 1924இல் அதே ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்ட் என்பவர் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற கலவையைக் கொண்டுவந்தார். நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் 18/8 எவர்சில்வர் அந்தக் குடும்பம்தான்.

புதிய எஃகு விலை உயர்ந்தது. ஒரு தொட்டி முழுவதையும் அதில் செய்ய முடியாது. அரிப்பு உள்ள இடத்தில் அதுவும், மற்ற இடத்தில் சாதாரண இரும்பும் வைத்தால் செலவு குறையும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தபோது சில இணைப்புகள் கண்ணாடி போல விரிந்தன. இரண்டு எஃகும் நல்லவை. நடுவில் உருவானதுதான் கெட்டதாக இருந்தது.

காரணம் இதுதான். வெல்டிங் என்பது பசை தடவி ஒட்டுவது போன்றதல்ல. ராடு உருகும்போது இரு பக்கத்து உலோகமும் சேர்ந்து உருகி ஒன்றாகக் கலக்கின்றன. உறைந்து நிற்கும் தையல் மூன்றின் கலவை. ஒட்டுமொத்தமாக அதில் 30 சதவீதம் வரை இரு பக்கத்து உலோகமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கலவை எப்படி உறைகிறது என்பதைப் பொறுத்துத் தையலின் குணம் அமையும். ஆஸ்டெனைட்டாக நின்றால் இழுத்தால் நீளும், எளிதில் உடையாது. மார்ட்டென்சைட்டாக மாறினால் கடினமாகும், ஆனால் நொறுங்கும்.

இரண்டாம் உலகப் போர் இந்த ஆராய்ச்சியை விரைவுபடுத்தியது. கவச வண்டிகளின் கெட்டியான தகடுகள் சாதாரண ராடு போட்டால் தையலோரம் விரிசல் விட்டன. குரோமியம்-நிக்கல் ராடு போட்டபோது தாங்கின. ஆனால் போர்க்காலத்தில் குரோமியமும் நிக்கலும் அரிதாயின. எவ்வளவு போட்டால் போதும் என்று கணக்குப் பார்த்தே தீரவேண்டிய நிலை வந்தது.

போர் முடிந்த பிறகு அமெரிக்க உலோகவியலாளர் அன்டன் ஷேஃப்லர் 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேறுபட்ட உலோகங்களை இணைக்க எந்த ராடைத் தேர்ந்தெடுப்பது என்பதே அதன் பொருள். நம் கைப்பிடிக் கேள்வியேதான்! 1949இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் வெல்டிங் படிப்பவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

நாம் கிராஃப் தாளில் போட்ட கணக்குதான் அது. கிடை அச்சில் குரோமியமும் அதைப் போல வேலை செய்பவையும். செங்குத்து அச்சில் நிக்கலும் அதைப் போல வேலை செய்பவையும். கார்பன் நிக்கல் பக்கம் சேரும். அதுவும் ஒரு பங்கு கார்பன் 30 பங்கு நிக்கலுக்குச் சமம். இரும்புக்கு ஒரு புள்ளி, எவர்சில்வருக்கு ஒரு புள்ளி. இரண்டும் சம அளவில் உருகினால் அவற்றின் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். அங்கிருந்து ராடின் புள்ளிக்குக் கோடு போட்டு, ராடு முனையிலிருந்து 30 சதவீதத் தூரம் வந்தால் தையலின் புள்ளி கிடைக்கும். அது எந்த வட்டாரத்தில் விழுகிறது என்று பார்த்தால் போதும். பிரிவுச் சூத்திரம் எதற்கு என்று வகுப்பில் கேட்டீர்களே, இதற்கும்தான்!

இப்போது நூறு பங்கு தையலை எடுத்துக்கொள்வோம். ராடு 70, எவர்சில்வர் 15, இரும்பு 15.

6013 ராடு போட்டால் தையலில் குரோமியம் 2.7 சதவீதம்தான். எவர்சில்வரைத் தொடும் ஓரத்தில் இன்னும் சற்றுக் கூடும். துருவைத் தடுக்கக் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். ஆகவே இது போதாது. ஆனால் எஃகை நொறுங்கும் அளவுக்குக் கடினமாக்க இது தாராளம். இரண்டுங்கெட்டான் நிலை.

308 ராடு போட்டால் குரோமியம் 16.7, நிக்கல் 8.2. மார்ட்டென்சைட்டின் எல்லைக்கோட்டருகே நிற்கும். கரண்ட் சற்றுக் கூடி இரும்பு அதிகம் உருகினால் எல்லை தாண்டிவிடும்.

309 ராடில் சுமார் 24 குரோமியம், 13 நிக்கல். கலந்த பிறகு தையலில் குரோமியம் 19.5, நிக்கல் 10.3. கிட்டத்தட்ட நம் 18/8! கூடவே சிறிதளவு ஃபெரைட்டும் உருவாகும். தையல் சூட்டில் உறையும்போது விரிசல் விடாமல் அது காக்கிறது.

பால் நிறைய ஊற்றப்போகிறோம் என்று தெரிந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? டிகாஷனைக் கெட்டியாக இறக்குவார்கள். 309 அந்தக் கெட்டி டிகாஷன். இரும்பு வந்து கலந்து நீர்க்கச் செய்யும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்த ராடு. 309எல் என்றால் கார்பன் மிகக் குறைவு என்று பொருள்.

ஷேஃப்லரின் படத்தைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். டிலாங் 1956இல் நைட்ரஜனையும் கணக்கில் சேர்த்தார். 1992இல் இன்னும் துல்லியமான படம் வந்தது. அடிப்படை மாறவில்லை.

ஆனால் 309 எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஒரு மீட்டர் எவர்சில்வர் 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 1.2தான். கைப்பிடிக்கு இது பொருட்டல்ல. பல நூறு டிகிரியில் தினமும் சூடேறிக் குளிரும் கொதிகலன் குழாயில் இந்த இழுபறியே இணைப்பைத் தின்றுவிடும். அங்கே நிக்கல் அதிகமுள்ள ராடு போடுவார்கள். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், இரண்டு எஃகுக்கும் இடைப்பட்ட அளவில் விரியும் அலாய் 800 என்ற உலோகத்தை நடுவில் வைத்து மூன்று உலோக இணைப்பையே உருவாக்கினார்கள்.

பட்டறையில் இருப்பவர்களுக்கு நான்கு வார்த்தை: இரும்பின் துரு, பெயின்ட், துத்தநாகப் பூச்சு எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்து எடுங்கள். கரண்டை அளவோடு வையுங்கள். டிக் வெல்டிங்கில் ராடே கொடுக்காமல் இரண்டையும் உருக்கி ஒட்டிவிடாதீர்கள். அந்தக் கலவை நேராக மார்ட்டென்சைட்டில் போய் விழும். முடிந்ததும் இரும்புப் பக்கத்தோடு தையலுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடியுங்கள். 309 இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றாது.

வீடு கட்டுபவர்களுக்கு ஒரே வார்த்தை: பட்டறைக்காரர் 309 ராடுக்குக் கூடுதல் பணம் கேட்டால் பேரம் பேசாதீர்கள். ஒரு கைப்பிடிக்கு ஆகும் ராடு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் பேரப்பிள்ளைகள் சாய்ந்து நிற்கிறார்கள்.

தொழிலில் இருக்கும் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.