ஏழு வயது வரை - ஒரு தாய் வாங்கித் தந்த சட்டம்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவரை குழந்தை யாரிடம் இருப்பது? இன்று இதற்காக நீதிமன்றத்தில் இடைக்கால மனு போடலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் தாய்மார்களுக்கு அப்படிக் கேட்கவே உரிமை இல்லை! குழந்தை தந்தைக்கே சொந்தம். 1804ல் வந்த டி மானவில் வழக்கில், பால்குடி மறவாத குழந்தையைத் தாயிடமிருந்து தந்தை பறித்துச் சென்றதையே நீதிமன்றம் சரி என்றது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் கரோலின் நார்ட்டன். நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி. அவரும் எழுத்தாளர்தான். 1827ல் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரை மணந்தார். அடியும் உதையுமாகக் கழிந்த வாழ்க்கை. மூன்று மகன்கள். 1836ல் கரோலின் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஜார்ஜ் மூன்று பிள்ளைகளையும் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார். கடைசி மகன் வில்லியமுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அத்தோடு நிற்கவில்லை. தன் மனைவியுடன் தகாத உறவு வைத்திருந்ததாகப் பிரதமர் மெல்போர்ன் மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கின் மையமே கரோலின்தான், ஆனால் அவர் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை. ஜூரிகள் வெளியே போய்க் கலந்து பேசாமலேயே மெல்போர்னுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படியும் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அவர்களை ஸ்காட்லாந்தில் இருந்த தன் உறவினரிடம் ஜார்ஜ் அனுப்பிவைத்தார்.

கரோலினிடம் மிஞ்சியது பேனா மட்டுமே. சட்டத்தின் அநியாயத்தை விளக்கித் துண்டு நூல்கள் எழுதினார். பெண் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று ஒன்றை ஆண் பெயரில் வெளியிட்டார். டால்ஃபோர்ட் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டு வந்தார். 1838ல் பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. 1839ல் நிறைவேறியது.

சட்டம் தந்தது என்ன? ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து வரவும் தாய் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அவ்வளவுதான். சோரம் போனதாக நிரூபிக்கப்பட்டவளுக்கு அதுவும் கிடையாது. இருந்தாலும், தந்தையின் முழு உரிமையில் விழுந்த முதல் விரிசல் அது.

ஆனால் போராடியவருக்கே அது உதவவில்லை. இங்கிலாந்துச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. பிள்ளைகள் இருந்ததோ ஸ்காட்லாந்தில்! 1842ல் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயம்பட்டான். தகவல் கிடைத்துத் தாய் ஓடி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மற்ற இரு மகன்களுடனும் இருக்க ஜார்ஜ் இடம் கொடுத்தார்.

ஏழு வயது என்ற வரம்பு 1873ல் 16 ஆக உயர்ந்தது. பெற்றோர் உரிமையைவிடக் குழந்தையின் நலனே முதன்மையானது என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது.

வழக்கு முடியும் வரை என்பது பெரியவர்களுக்குச் சில வருடங்கள். தாயைப் பிரிந்தபோது வில்லியமுக்கு இரண்டு வயது. அவனுக்கு அதுவே மீதி ஆயுள் முழுவதும். இடைக்கால மனுக்களை நீதிமன்றங்கள் ஏன் விரைந்து கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?