வசவும் கோஷமும்: ஆங்கிலக் கால்பந்து மைதானங்களில் ஜனக்கூட்டத்தின் மொழி

கால்பந்தாட்டத்தைப் பற்றி இங்கிலாந்தில் கிடைக்கும் மிகப் பழைய அரசாங்கப் பிரகடனங்களுள் ஒன்று, 1314ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்தின் மேயராக இருந்த நிக்கோலஸ் டி ஃபார்ண்டோன் வெளியிட்டதாகும்; பெரிய பந்துகளைத் துரத்திக்கொண்டு ஓடும் ஜனங்கள் எழுப்புகிற பேரிரைச்சலால் நகரத்தில் பல தீமைகள் விளையக்கூடும் என்பதே அவ்வாட்டத்தைத் தடை செய்ததற்கு அதில் கூறப்பட்ட காரணம். ஆட்டத்தின் விதிகள் காகிதத்தில் ஏறுவதற்கு ஐந்தரை நூற்றாண்டுகள் முன்னதாகவே அதன் இரைச்சல் அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. ஆகையால், மைதானங்களில் கேட்கும் ஆபாச வசவு நம் காலத்தில் புதிதாக முளைத்த தீமை என்றும், முன்னாளில் தொப்பியணிந்த கண்ணியவான்கள் கைதட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றும் சொல்வோருடைய அபிப்பிராயம் சரித்திர ஆதாரத்தின்முன் நிற்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தையே ஒழுக்கத்தின் பொற்காலமாகக் கருதி வந்திருக்கிறது என்பதை ஜெஃப்ரி பியர்சன் என்னும் ஆய்வாளர், 1983இல் வெளிவந்த தமது நூலில் தெளிவாக நிறுவியிருக்கிறார்.

எனவே வசவு இருந்ததா இல்லையா என்பது இக்கட்டுரையின் கேள்வியன்று. அதை யார், யாரை நோக்கி, எந்த வடிவத்தில் சொன்னார்கள், அந்த வடிவம் எக்காரணங்களால் மாறியது என்பதே கேள்வி. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. ஜனக்கூட்டம் பிறரை ஏசியதைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். ஜனக்கூட்டத்தைப் பிறர் ஏசியதைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. இவ்விரண்டு ஏச்சுகளில் அதிக உயிர்களுக்குக் கேடு விளைவித்தது இரண்டாவதுதான் என்பது எமது துணிபு.

கட்டணம் கொடுத்து ஆட்டம் பார்க்கும் கூட்டம் தோன்றியதற்கு ஆலைச் சட்டங்கள் ஒரு முக்கியக் காரணம். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை நின்றது. அதையொட்டி ஏனைய தொழிலாளருக்கும் நாளடைவில் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு பரவியது. 1863இல் கால்பந்துச் சங்கம் நிறுவப்பட்டு, 1885இல் சம்பளத்துக்கு ஆடுவது அனுமதிக்கப்பட்டு, 1888இல் பன்னிரண்டு கழகங்களைக் கொண்ட லீக் தொடங்கியபோது, லங்காஷயரிலும் மத்திய இங்கிலாந்திலும் அந்த ஓய்வு நேரம் முழுவதும் மைதானத்துக்கென்றே ஒதுக்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது. காசு கொடுத்து உள்ளே வந்தவன் விருந்தாளியைப்போல் அடங்கி உட்காருவதில்லை. தனக்கு உரிமையுண்டு என்று எண்ணுகிறான். நடுவர் தவறு செய்தால் தன்னை ஏமாற்றியதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. 1885இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணி ஆஸ்டன் வில்லாவை வென்ற ஆட்டத்தின் முடிவில் கூட்டம் ஆட்டக்காரரையே கல்லாலும் கழியாலும் தாக்கியது. சங்கத்தார் நடுவரை ஏசுவோருக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னதும், குற்றம் கடுமையாயின் சில வாரங்களுக்கு மைதானத்தையே மூடியதும் அக்காலத்திலேயே தொடங்கின. இன்று உலகமெங்கும் வழங்குகிற ‘ஹூலிகன்’ என்ற சொல் 1898ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் லண்டன் பத்திரிகைகளில் பரவியதுதான். ஆனால் அது அப்போது தெருக் காலிகளைக் குறித்ததேயன்றிக் கால்பந்து ரசிகரைக் குறிக்கவில்லை.

அக்காலத்து வசவின் இயல்பை நன்கு கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் தனி மனிதன் ஒருவனின் வாயிலிருந்து, தன் எதிரே ஓடும் ஆட்டக்காரனையோ நடுவரையோ நோக்கிப் புறப்பட்டது. அருகில் நின்ற அண்டை வீட்டுக்காரனும் உடன் வேலை செய்பவனும் அதைக் கேட்டார்கள். இன்னான் சொன்னான் என்பது சுற்றியுள்ளோருக்குத் தெரிந்திருந்தது. முகமுள்ள வசவு என்று அதைச் சொல்லலாம். அதற்கு வரம்பு விதித்தது போலீசார் மட்டுமன்று, அந்த அறிமுகமுந்தான்.

கலகம் நேர்ந்தபோதும் அதன் அடியில் பெரும்பாலும் ஒரு நியாய உணர்ச்சி, தவறானதாயினும், இருந்தது. 1909ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளாஸ்கோ நகரத்து ஹாம்ப்டன் பார்க்கில் ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளுக்கிடையே நடந்த ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம் இரண்டாம் முறையும் சமநிலையில் முடிந்தது. கூடுதல் நேரம் ஆடுவார்கள் என்று காத்திருந்த கூட்டம், ஆட்டக்காரர் வெளியேறுவதைக் கண்டு, மூன்றாவது ஆட்டத்தின் வசூலுக்காகவே இப்படிச் செய்கிறார்கள் என்று சந்தேகித்துக் கட்டணக் கூடங்களுக்குத் தீ வைத்தது. எதிரணி ரசிகர் என்ற பகை அங்கே முன்னிற்கவில்லை. இரு தரப்பாரும் சேர்ந்தே கொளுத்தினார்கள். அவ்வாண்டு கோப்பை எவருக்கும் வழங்கப்படவில்லை.

இரு உலகப் போர்களுக்கிடைப்பட்ட காலம் பெருங்கூட்டத்தின் காலம். 1923இல் வெம்ப்ளி மைதானத்தில் சங்கக் கோப்பை இறுதியாட்டம் முதன்முறையாக நடந்தபோது, இரண்டு லட்சம் பேர்வரை திரண்டதாகக் கருதப்படும் கூட்டம் ஆடுகளத்திலேயே நிரம்பி வழிந்தது. வெண்குதிரை மீதிருந்த ஜார்ஜ் ஸ்கோரி என்னும் காவலரும் அவருடைய தோழரும் பொறுமையோடு அதைப் பின்னே நகர்த்த, ஆட்டம் நடந்தேறியது. 1927 முதல் இறுதியாட்டத்துக்கு முன் ஒரு கிறிஸ்தவக் கீதத்தைக் கூட்டம் முழுவதும் பாடுவது வழக்கமாயிற்று. மைதானத்தில் ஒருமித்துப் பாடும் பழக்கத்துக்குப் பக்தியும் ஒரு வாயிலாக இருந்தது என்பதை, பின்னர் வரப்போவதை எண்ணி, இங்கே குறித்துக்கொள்வோம். 1946 மார்ச்சில் போல்டன் நகரத்து பர்ன்டன் பார்க்கில் கூட்ட நெரிசலில் 33 பேர் மாண்டார்கள். அங்கே கலகமும் இல்லை, சண்டையும் இல்லை. கொள்ளளவுக்கு மீறி மனிதரை அடைத்ததே காரணம். உடல்களைக் களத்தின் ஓரத்தில் கிடத்தி மூடிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இந்தச் சம்பவத்தின் பாடத்தை அதிகாரிகள் கற்றிருந்தால் பின்னால் வந்த மரணங்களில் பல நேர்ந்திரா என்று நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

பெரிய மாற்றம் 1960களில் வந்தது. அதற்கு இடமாக அமைந்தவற்றுள் தலையாயது லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்ட் மைதானத்தின் ‘ஸ்பியான் காப்’ என்னும் நின்று பார்க்கும் படிவரிசை. 1906இல் கட்டப்பட்ட அப்படிவரிசைக்கு, 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஆங்கிலப் படை தோற்று, லங்காஷயர் வீரர் பலர் மாண்ட குன்றின் பெயரை இட்டார்கள். அந்தக் குன்றிலிருந்து காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தவர்களுள் காந்தியடிகள் திரட்டிய இந்தியத் தொண்டர் படையும் இருந்தது. அப்படையில் பெரும்பகுதியினர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள், அக்கூலிகளுள் தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர் மிகப் பலர். அம்மலையின் பெயர் ஒலிக்கும் இடமெங்கும் பெயர் தெரியாத நம்மவர் சிலரின் தோள்வலியும் மறைந்து நிற்கிறது என்பதைச் சொல்லாமல் கடந்துசெல்ல மனம் வரவில்லை.

1928இல் அப்படிவரிசைக்குக் கூரை போடப்பட்டது. ஏறத்தாழ 28,000 பேரின் குரல் வானத்தில் கரைந்துபோகாமல் கூரையில் மோதித் திரும்பியது. 1960களின் தொடக்கத்தில் அந்நகரத்து இளைஞரின் பாடல்கள் நாடெங்கும் பரவிய வேளையில், காப் படிவரிசையும் அவற்றைப் பாடத் தொடங்கிற்று. 1964 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியார் அங்கே சென்று, ஆட்டத்தைவிடப் பாடும் கூட்டத்தையே முக்கியமாகப் படம்பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘மேட்ச் ஆஃப் தி டே’ என்னும் நிகழ்ச்சி ஆன்ஃபீல்டிலிருந்தே ஆரம்பமாயிற்று. ஓரிடத்துப் பாட்டு வாராவாரம் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கையில் கூலியுள்ள இளைஞர் ரயிலேறி வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினார்கள்; கோல் கம்பத்துக்குப் பின்னுள்ள இடத்தில் தம் வயதினரோடு மட்டும் திரண்டார்கள்; வசை சொன்னால் தோளைத் தொட்டுத் தடுக்கும் பெரியவர் அங்கே அருகில் இல்லை.

வசவு பாட்டாயிற்று. பக்திக் கீதத்தின் மெட்டு, சினிமாப் பாட்டின் மெட்டு, கியூபா தேசத்து நாட்டுப்பாடலின் மெட்டு ஆகிய எல்லாம் எதிரணியாரை இழித்துரைப்பதற்கு உதவின. நடுவரைத் தனிமையில் இழிசெயல் புரிபவனாகக் கூறும் பிரசித்தமான கோஷத்தை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் அது இரண்டொரு சொற்களில் யாப்பமைதியோடு அடங்கியிருப்பதே அதன் ஆயுளுக்குக் காரணம். வசைக்கவி பாடிய காளமேகத்தை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சந்தத்தில் ஏறிய ஏச்சு மறப்பதற்கரியது. ஆயினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. காளமேகம் தம் பெயரால் பாடினார். மைதானத்துக் கோஷத்துக்கோ ஆசிரியன் இல்லை. ஆயிரம் வாய் சேர்ந்து சொல்லும் சொல்லுக்கு எந்த வாயும் பொறுப்பேற்பதில்லை. முகமுள்ள வசவு முகமிழந்தது. நடுவரையும் ஆட்டக்காரரையும் நோக்கியிருந்தது, எதிரே நிற்கும் எதிரணி ரசிகரை நோக்கித் திரும்பியது.

இக்கோஷங்கள் வன்முறையின் முன்னறிவிப்பா, அன்றி வன்முறைக்கு மாற்றா என்பதில் அறிஞர் வேறுபட்டனர். பீட்டர் மார்ஷ் முதலியோர் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் ரசிகரிடையே ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூலில், வெளிக்குக் குழப்பமாகத் தோன்றும் நடத்தைக்கு உள்ளே ஒழுங்கும் சடங்கும் உண்டு என்றும், மிரட்டலில் பெரும்பகுதி மிரட்டலோடு நின்றுவிடுகிறது என்றும் வாதித்தார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்து எரிக் டன்னிங் முதலியோர், அடிபட்டவர்கள் உண்மையிலேயே அடிபட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி அதை மறுத்தனர். 1974இல் பிளாக்பூல் மைதானத்தில் இளைஞன் ஒருவன் கத்தியால் குத்தப்பட்டு மாண்டதை நினைத்தால், சடங்கு என்ற சொல் போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதைவிடக் கொடியது நிறத்தின் பேரால் எழுந்த ஏச்சு. 1970களின் இறுதியில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியில் ஆடிய சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்ஹாம், பிரெண்டன் பாட்சன் மூவரும் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்கொலி எழுந்தது. ரெஜிஸ் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானபோது அவருக்குத் தபாலில் துப்பாக்கிக் குண்டு வந்தது. 1982இல் செல்சி அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரராகக் களமிறங்கவிருந்த பால் கேனவிலை, எதிரணியார் அல்லர், செல்சி ரசிகரே தூஷித்தார்கள். 1988இல் லிவர்பூலின் ஜான் பார்ன்ஸ், தம்மீது எறியப்பட்ட வாழைப்பழத்தைக் குதிகாலால் தள்ளிவிட்ட புகைப்படம் இன்றும் காண்போரை வெட்கப்படுத்துகிறது. ஆபாசச் சொல் செவியைத்தான் புண்படுத்துகிறது. இதுவோ எதிரே நிற்பவன் மனிதனே அல்லன் என்கிறது. இவ்விரண்டையும் ‘கெட்ட வார்த்தை’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது பெரும்பிழை.

சட்டமும் நெடுங்காலம் அப்பிழையைச் செய்தது. 1991ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றச் சட்டந்தான் ஆபாசக் கோஷத்தையும் இனத்துவேஷக் கோஷத்தையும் மைதானக் குற்றமாக முதலில் வகுத்தது. அதிலும், ‘கோஷம்’ என்பது ஒருவர் மற்றொருவரோடு சேர்ந்து திரும்பத் திரும்ப எழுப்புவது என்று வரையறுக்கப்பட்டதால், தனியாகக் கத்தியவன் தப்பினான். 1999இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

இனி இரண்டாவது ஏச்சுக்கு வருவோம். 1974க்குப் பின் மைதானங்களில் இரும்பு வேலிகள் எழுந்தன. நின்று பார்ப்போர் பட்டியில் அடைத்த கால்நடைபோல் தனித்தனிக் கூண்டுகளில் நிறுத்தப்பட்டார்கள். 1985இல் செல்சி கழகத்தின் தலைவர் கென் பேட்ஸ் மின்சார வேலியே அமைத்தார். லண்டன் பெருநகர மன்றம் அனுமதி மறுத்ததால் அதில் மின்சாரம் பாயவில்லை. அவ்வாண்டு மே 11ஆம் தேதி பிராட்ஃபோர்டு மைதானத்தில் மரக் கூடம் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். மே 29ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஹெய்சலில் லிவர்பூல் ரசிகர் பாய்ந்து தாக்கியதில் சுவர் இடிந்து, 39 பேர், பெரும்பாலும் இத்தாலியர், உயிரிழந்தார்கள். ஹெய்சலின் குற்றத்தை மறைப்பதற்கில்லை. ஆனால் ஹெய்சலுக்கு முன்னரே, பிராட்ஃபோர்டில் எரிந்தவர்களின் துக்கம் ஆறுமுன், மதிப்பு வாய்ந்த லண்டன் ஞாயிறு பத்திரிகையொன்று, கால்பந்தைச் சேரி ஜனங்கள் சேரி மைதானங்களில் பார்க்கும் சேரி ஆட்டம் என்ற கருத்துப்பட எழுதியது. படிவரிசையில் கேட்ட எந்த வசவும் இதைவிடத் தாழ்ந்ததன்று.

ஜனங்களை இவ்வாறு நினைத்ததன் பலன் 1989 ஏப்ரல் 15ஆம் தேதி ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோவில் வெளிப்பட்டது. லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளின் அரையிறுதியாட்டத்துக்கு வெளியே நெரிசல் மிகுந்தபோது, போலீசார் வெளிக்கதவொன்றைத் திறந்து, உள்ளே ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குச் செல்லும் வழியை அடைக்காது விட்டார்கள். வேலியில் நசுங்கியவர்கள் உயிருக்காக எழுப்பிய கூக்குரல், களத்தில் புகுந்து கலகம் செய்ய முயல்வோரின் கூச்சலாகவே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. கூட்டத்தின் குரல் வசவைத்தவிர வேறெதுவாகவும் இருக்கமுடியும் என்பதைக் கேட்கும் செவி அங்கே பழுதாகியிருந்தது. நான்கு நாட்களுக்குப்பின் ‘தி சன்’ பத்திரிகை, ரசிகர்கள் இறந்தோரின் பைகளைத் துழாவியதாகப் பொய்யை ‘உண்மை’ என்ற தலைப்பிட்டு வெளியிட்டது. நீதிபதி டெய்லரின் அறிக்கை, போலீசாரின் கட்டுப்பாடு தவறியதே முக்கியக் காரணம் என்று அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கூறிற்று. ஆயினும் இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர்பால் குற்றமில்லை என்றும் விசாரணை மன்றத்து ஜூரிகள் தீர்ப்பளித்தது 2016இல். அன்று படுகாயமுற்ற ஒருவர் 32 ஆண்டுகளுக்குப் பின் 2021இல் இறந்தபோது எண்ணிக்கை 97 ஆயிற்று.

டெய்லர் அறிக்கைக்குப்பின் வேலிகள் நீங்கின. உயர்நிலைக் கழகங்களில் எல்லாருக்கும் இருக்கை வந்தது. 1994இல் காப் படிவரிசையும் இடிக்கப்பட்டது. வசவு குறைந்ததா? 1995இல் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் தம்மை ஏசிய பார்வையாளன்மேல் எரிக் கேண்டனா பாய்ந்து உதைத்ததை உலகமே பார்த்தது. ஆட்டக்காரருக்கு எட்டு மாதத் தடை. ஏசியவனும் நீதிமன்றம் ஏறினான். இருக்கை போட்டதால் நா அடங்கிவிடவில்லை. ஆனால் மனிதர் நசுங்கிச் சாகவில்லை. இதுவே கூட்டத்தைக் குறித்த பழைய கருத்தின் பொய்மைக்குப் போதிய சான்று.

இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிக இழிந்தது, இறந்தோரைப் பரிகசிக்கும் கோஷம். 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மாண்ட 23 பேரைச் சொல்லி மான்செஸ்டர் யுனைடெட் ரசிகரையும், ஹில்ஸ்பரோவைச் சொல்லி லிவர்பூல் ரசிகரையும் நோகடிப்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. பிறர் நம்மை விலங்கென்று எழுதினார்கள் என்று வருந்துகிற கூட்டத்தினுள்ளிருந்தே இது எழுகிறது என்பதுதான் பொறுக்கமுடியாதது. 2023 ஜூன் 3ஆம் தேதி வெம்ப்ளியில் நடந்த கோப்பை இறுதியாட்டத்துக்கு ஒருவன் முதுகில் 97 என்ற எண்ணும், அது போதவில்லை என்னும் பொருள்படும் வாசகமும் பொறித்த சட்டையோடு வந்தான். அவன் வாய் திறந்து ஒன்றும் பாடவேண்டியிருக்கவில்லை. நீதிமன்றம் அவனுக்கு அபராதம் விதித்து, நான்கு ஆண்டுகள் கால்பந்து மைதானங்களுக்குள் நுழையக்கூடாதென்று தடை செய்தது.