காலனிய வில்லியம்ஸ்பர்க்

காலனிய வில்லியம்ஸ்பர்க், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வாழும் வரலாற்று அருங்காட்சியகம். 18ஆம் நூற்றாண்டுத் தலைநகரம் ஒன்றின் மையப்பகுதியை அது இருந்த இடத்திலேயே மீட்டெடுத்து, அக்கால மக்களைப் போல் உடுத்திப் பேசித் தொழில் செய்பவர்களைக் கொண்டு அன்றைய வாழ்க்கையை இங்கே நடத்திக்காட்டுகிறார்கள். பரப்பளவு 301 ஏக்கர். காலனிய வில்லியம்ஸ்பர்க் அறக்கட்டளை என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் இதை நடத்துகிறது. வரலாற்றை நடித்துக் காட்டுவதைச் சுற்றுலாவுக்கும் மரபுக் கல்விக்கும் பயன்படுத்துவதில் உலகின் பல அருங்காட்சியகங்கள் இதை முன்மாதிரியாகக் கொண்டிருக்கின்றன. அத்தகைய முயற்சியில் வரும் சிக்கல்களை அறியவும் இதன் வரலாறு உதவும்.

நகரின் பின்னணி

ஆங்கிலேயரின் வர்ஜீனியா காலனிக்கு முதலில் ஜேம்ஸ்டவுன் தலைநகராக இருந்தது. 1699இல் தலைநகரம் அருகிலிருந்த மிடில் பிளான்டேஷன் என்ற குடியிருப்புக்கு மாறியது. மன்னர் மூன்றாம் வில்லியத்தின் பெயரால் அது வில்லியம்ஸ்பர்க் ஆயிற்று. 1693இல் அரச சாசனம் பெற்ற வில்லியம் அண்டு மேரி கல்லூரி ஏற்கெனவே அங்கே இருந்தது. கல்லூரி ஒரு முனையிலும் சட்டமன்றக் கட்டடமான கேப்பிட்டல் மறுமுனையிலும் நிற்க, இரண்டையும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள டியூக் ஆஃப் குளோஸ்டர் தெரு இணைத்தது.

அமெரிக்கப் புரட்சிக் காலத்தின் முக்கிய நிகழ்வுகள் பல இங்கே நடந்தன. ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைத்தபோதெல்லாம் உறுப்பினர்கள் ராலே மதுவிடுதியில் கூடி, பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிப்பது பற்றிப் பேசினார்கள். 1775 ஏப்ரல் 21 அதிகாலையில் ஆளுநர் டன்மோர் பிரபுவின் ஆணைப்படி நகர வெடிமருந்துக் கிடங்கிலிருந்து மருந்து அப்புறப்படுத்தப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1776 மே 15இல் வர்ஜீனிய மாநாடு முழு விடுதலைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியதும் இங்கேதான். 1780இல் தலைநகரம் ரிச்மண்டுக்குப் போனது. அதன்பின் நகரம் சுமார் 150 ஆண்டுகள் மந்தமாகக் கிடந்தது. வளர்ச்சி வராததால் பழைய கட்டடங்கள் இடிபடாமல் தப்பின.

மீட்டமைப்பு

நகரை மீட்கும் எண்ணம் புரூட்டன் பங்குத் தேவாலயத்தின் பாதிரியார் டபிள்யூ. ஏ. ஆர். குட்வினுடையது. எண்ணெய்ச் செல்வரின் மகனான ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவர் 1926இல் அதற்குப் பணம் தர இசைந்தார். பெயர் வெளியே தெரிந்தால் மனை விலை ஏறிவிடும் என்பதால் வீடுகளும் மனைகளும் குட்வின் பெயரில் சத்தமில்லாமல் வாங்கப்பட்டன. முதல் வீட்டை வாங்க ஒப்புதல் தெரிவித்த தந்தியில் ராக்ஃபெல்லர் ‘டேவிட்டின் தந்தை’ என்று மட்டுமே கையொப்பமிட்டார். உண்மை 1928இல்தான் நகர மக்களுக்குச் சொல்லப்பட்டது.

பாஸ்டன் நகரின் பெர்ரி, ஷா அண்டு ஹெப்பர்ன் கட்டடக்கலை நிறுவனம் பணியை மேற்கொண்டது. 88 அசல் கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டன. அழிந்துபோன நூற்றுக்கணக்கானவை பழைய அடித்தளங்களின் மேல் புதிதாக எழுப்பப்பட்டன. பின்னாளில் வந்த நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இடிக்கப்பட்டோ இடம் மாற்றப்பட்டோ போயின. 1932இல் ராலே மதுவிடுதியும் 1934இல் ஆளுநர் மாளிகையும் கேப்பிட்டலும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.

சான்றுகள்

கட்டடக் கலைஞர்கள் ஊகத்தை மட்டும் நம்பி வேலை செய்யவில்லை. பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த ஒருவர் 1782இல் வரைந்ததாகக் கருதப்படும் நகர வரைபடம் ஏறத்தாழ ஒவ்வொரு கட்டடமும் நின்ற இடத்தைக் காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் 1929இல் கண்டெடுக்கப்பட்ட செப்புத் தகடு ஒன்றில் ஆளுநர் மாளிகை, கேப்பிட்டல், கல்லூரி ஆகியவற்றின் முகப்புகள் செதுக்கப்பட்டிருந்தன. ஆளுநராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வரைந்த மாளிகையின் தரைத்திட்டமும் கிடைத்தது. 1781இல் எரிந்துபோன அம்மாளிகையின் அடித்தளத்தைத் தோண்டியபோது அளவுகள் அத்திட்டத்தோடு ஒத்துப்போயின. தோட்டத்தில் புரட்சிப் போரில் இறந்த 156 பேரின் கல்லறைகளும் வெளிப்பட்டன.

நடிப்புக்கும் ஆவணங்களே ஆதாரம். இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள், கடைக் கணக்கேடுகள், நீதிமன்றப் பதிவுகள், கடிதங்கள் ஆகியவற்றிலிருந்து பாத்திரங்கள் உருவாகின்றன. 1736இல் தொடங்கிய ‘வர்ஜீனியா கெசட்’ இதழில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்கள் ஏராளம். ஓடிப்போனவரின் பெயர், வயது, உடுத்தியிருந்த உடை, தெரிந்த தொழில், உடலிலுள்ள தழும்பு எல்லாம் அவற்றில் உண்டு. எசமானர்கள் பிடிப்பதற்காக எழுதிய குறிப்புகள், தம் கதையைத் தாமே எழுதி வைக்க இயலாத மனிதர்களை இன்று அடையாளம் காண உதவுகின்றன.

நிகழ்த்தும் முறைகள்

இங்கே பணிபுரிவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் தன்மையில் பேசுபவர்கள். ஜார்ஜ் வாஷிங்டன், பேட்ரிக் ஹென்றி, ஜெஃபர்சன் போன்றோராகவும், பெயர் பெறாத சாமானியராகவும் மாறி, ‘நான்’ என்றே உரையாடுவார்கள். பார்வையாளரின் கேள்விகளுக்கும் அந்தக் காலத்து மனிதராகவே விடை சொல்வார்கள். இரண்டாம் வகையினர் பழைய உடை அணிந்திருந்தாலும் படர்க்கையில் ‘அவர்கள் இப்படிச் செய்தார்கள்’ என்று இன்றைய பார்வையில் விளக்குவார்கள். தன்மை நடிப்பு ஈர்ப்பு மிக்கது. ஆனால் 1774ஆம் ஆண்டு மனிதருக்கு அடுத்த ஆண்டு நடக்கப்போவது தெரியாது. தம் காலத்தின் தவறை அவரால் தவறென்று சொல்லவும் முடியாது. அந்தக் குறையைப் படர்க்கை விளக்கம் ஈடுசெய்கிறது.

மூன்றாம் வகையினர் தொழிலாளர்கள். கொல்லர், பீப்பாய் செய்பவர், சக்கரத் தச்சர், வெள்ளி வேலைக்காரர், துப்பாக்கி செய்பவர், பொய்முடி செய்பவர், அச்சுக்கூடத்தார் எனப் பலர் பழைய கருவிகளைக் கொண்டே உண்மையான பொருள்களைச் செய்கிறார்கள். இவர்களிடம் தொழில் கற்கச் சேர்பவர் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

செங்கல் களத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். களிமண்ணில் தண்ணீர் ஊற்றிக் குழியில் குழைத்து வைத்திருப்பார்கள். கோடையில் வரும் குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி மண் மிதிக்கலாம். மிதித்த மண்ணை மர அச்சில் அடித்துக் கல் அறுத்து, வரிசையாகக் காயவைப்பார்கள். பருவம் முழுதும் சேர்ந்த பச்சைக் கற்களை அடுக்கிச் சூளை வைத்து, விறகு போட்டு இரவு பகலாகச் சுடுவது இலையுதிர் காலத்தில். வெந்த கற்கள் அருங்காட்சியகத்தின் கட்டுமானப் பணிகளுக்கே போகின்றன. மண் மிதித்த குழந்தை, ஒரு மாளிகைக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருந்தது என்பதைக் காலால் அறிந்துகொள்கிறது. அன்று மண் மிதித்த கால்களில் பெரும்பாலானவை அடிமைகளுடையவை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்.

1770–71இல் கட்டப்பட்ட நீதிமன்றத்தில் பழைய வழக்குகள் நடத்திக்காட்டப்படுகின்றன. பார்வையாளர்களும் அதில் பங்கேற்கலாம். 1958இல் தொடங்கிய குழல்–முரசுக் குழுவில் 10 முதல் 18 வயது வரையுள்ள உள்ளூர்ப் பிள்ளைகள் பயிற்சி பெற்று வாசிக்கிறார்கள். 2006இல் ‘புரட்சி நகரம்’ என்ற தொடர் நாடகம் அறிமுகமானது. மேடை கிடையாது, தெருவே களம். ஆளுநரின் அரசு சரிவதும் நகரம் போரில் சிக்குவதும் பார்வையாளர் கூட்டத்தின் நடுவிலேயே நடந்தன.

அடிமைமுறையைக் காட்டுதல்

18ஆம் நூற்றாண்டு வில்லியம்ஸ்பர்க் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆயினும் அருங்காட்சியகத்தின் முதல் அரை நூற்றாண்டில் அழகிய மாளிகைகளும் தேசத் தலைவர்களுமே முன்னின்றார்கள். 1979இல் கறுப்பின நடிகர்கள் சிலர் அமர்த்தப்பட்டு, அடிமைகளின் வாழ்க்கையைத் தன்மையில் நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான ரெக்ஸ் எல்லிஸ் பின்னர் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று விளக்கத் துறைக்குத் தலைமை தாங்கினார். கார்ட்டர்ஸ் குரோவ் பண்ணையில் அடிமைகளின் குடியிருப்பு 1989இல் மீளக் கட்டப்பட்டது.

பெரும் விவாதத்தைக் கிளப்பியது 1994 அக்டோபர் 10இல் நடந்த ஏல நிகழ்வு. அத்துறையின் தலைவராக அப்போது இருந்த கிறிஸ்டி கோல்மன் அதை வடிவமைத்தார். கடனுக்காக ஒரு சொத்து ஏலம் போகிறது; பொருள்களோடு நான்கு அடிமைகளும் விற்கப்படுகிறார்கள். கர்ப்பிணிப் பெண்ணாகக் கோல்மனே நடித்தார். அந்தப் பெண்ணை ஒருவரும் அவள் கணவனை வேறொருவரும் வாங்கிப் போகிறார்கள். முன்னோரின் துயரம் வேடிக்கைப் பொருளாகிவிடும் என்று கறுப்பின உரிமை அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. சுமார் 2,000 பேர் கூடியிருந்தார்கள். எதிர்க்க வந்தவர்களுள் முக்கியமானவரான, அந்த அமைப்புகளுள் ஒன்றின் மாநில நிர்வாகி ஜாக் கிரேவ்லி, நிகழ்வைக் கண்ட பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். எனினும் ஏலக் காட்சி வழக்கமான நிகழ்ச்சியாக்கப்படவில்லை.

1999இல் தொடங்கிய அடிமைமுறை பற்றிய நிகழ்ச்சித் தொடரில் வேறொரு சிக்கல் எழுந்தது. அடிமைகளைத் தேடும் ரோந்துப் படையினராக நடித்தவர்களைப் பார்வையாளர்கள் சிலர் உண்மையாகவே எதிர்த்துத் தடுக்க முனைந்தார்கள். நடிப்பின் வலிமையையும் அபாயத்தையும் இது ஒருசேரக் காட்டியது. அடிமையாக நாள்தோறும் நடிப்பவர்கள் பார்வையாளரின் ஏளனத்தையும் அறியாமைக் கேள்விகளையும் தாங்கவேண்டியிருப்பதும் இன்றுவரை தீராத பிரச்சினை.

கல்விப் பணி

பள்ளிச் சுற்றுலா இதன் உயிர்நாடிகளுள் ஒன்று. பாடநூலில் ஒரு வரியாக வரும் புறக்கணிப்புத் தீர்மானத்தை, அது விவாதிக்கப்பட்ட விடுதி அறையிலேயே மாணவர்கள் கேட்கிறார்கள். வரலாற்றை இடத்தோடும் மூல ஆவணத்தோடும் இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பயிலகம் 1990 முதல் நடைபெறுகிறது. நேரில் வர இயலாத பள்ளிகளுக்காகத் தொலைக்காட்சி, இணையம் வழியான ‘மின்னணுக் களப்பயணம்’ 1990களிலேயே நடத்தப்பட்டது. தொல்லியல், பழந்தொழில்நுட்பம், கட்டடப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் சொந்த ஆய்வாளர்களும் இங்கே இருக்கிறார்கள்.

சுற்றுலாவும் பொருளாதாரமும்

ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், பிரிட்டிஷ் படை 1781இல் சரணடைந்த யார்க்டவுன் ஆகிய மூன்றும் ‘வரலாற்று முக்கோணம்’ எனப்படுகின்றன. மூன்றையும் 23 மைல் நீளமுள்ள காலனியல் பார்க்வே சாலை இணைக்கிறது. வில்லியம்ஸ்பர்க் தெருக்களில் யாரும் இலவசமாக நடக்கலாம். கட்டடங்களுக்குள் செல்லவும் நிகழ்ச்சிகள் பலவற்றைக் காணவும் சீட்டு வேண்டும். தங்கும் விடுதிகள், பழைய பாணி உணவகங்கள், கைவினைக் கடைகள் ஆகியவற்றின் வருமானமும் அறக்கட்டளையைச் சேரும்.

இந்த ஏற்பாடு எப்போதும் இலாபமாக அமையவில்லை. 1980களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் எண்ணிக்கை அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 2017இல் கடன் 30 கோடி டாலருக்கு மேல் இருந்த நிலையில், வணிகப் பிரிவுகள் சில வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பணியாளர்கள் சிலர் வேலை இழந்தார்கள். நுட்பமான நடிப்புக்கு ஆள்பலமும் நீண்ட பயிற்சியும் தேவை. நுழைவுக் கட்டணம் மட்டும் அந்தச் செலவுக்கு ஈடாவதில்லை.

விமர்சனங்கள்

கட்டடக்கலை விமர்சகர் ஏடா லூயிஸ் ஹக்ஸ்டபிள், அசலையும் நகலையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டதாகக் குறை கூறினார். மானிடவியலாளர்களான ரிச்சர்ட் ஹாண்ட்லரும் எரிக் கேபிளும் 1997இல் வெளியிட்ட நூலில், சமூக வரலாற்றைச் சொல்வதாக அறிவித்தாலும் அன்றாட நடைமுறையில் நிறுவனத்தின் வணிக நலன் அதை மழுங்கடிப்பதாக வாதிட்டார்கள். சாணமும் புழுதியும் நிறைந்திருந்த ஊர் இன்று துப்புரவாக இருப்பதும் பலமுறை சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது.

அசலுக்கும் நகலுக்கும் இடையிலான இச்சிக்கலுக்குக் கேப்பிட்டல் நல்ல எடுத்துக்காட்டு. முதல் கட்டடம் 1747இல் எரிந்தது. புரட்சி விவாதங்கள் நடந்தது அதே இடத்தில் பின்னர் எழுந்த இரண்டாம் கட்டடத்தில். ஆனால் சான்றுகள் அதிகம் கிடைத்தன என்பதால் மீளக் கட்டப்பட்டது முதல் கட்டடமே. பேட்ரிக் ஹென்றி 1765இல் முழங்கிய அவையைத் தேடி வருபவர், அவர் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே எரிந்துபோன கட்டடத்தின் நகலில் நிற்கிறார்.

அண்மைக்காலம்

மீட்டமைப்பின்போது கறுப்பினக் குடும்பங்கள் பல இடம்பெயர நேர்ந்தது. 1776இல் தோன்றியதாகக் கருதப்படும் கறுப்பினத் திருச்சபையின் தேவாலயத்தை அறக்கட்டளை 1956இல் வாங்கி இடித்தது. பிறகு அந்த இடம் வாகன நிறுத்துமிடமாயிற்று. 2020இல், அச்சபையினரின் சந்ததியரும் பங்கேற்க, அங்கே அகழாய்வு தொடங்கியது. முதல் தேவாலயத்தின் அடித்தளமும் 60க்கும் மேற்பட்ட கல்லறைகளும் கண்டறியப்பட்டன. 1760 முதல் 1774 வரை கறுப்பினச் சிறுவர் சிறுமியர் படித்த பிரே பள்ளியின் கட்டடம் கல்லூரி வளாகத்தில் அடையாளம் காணப்பட்டு, 2023 பிப்ரவரியில் வரலாற்றுப் பகுதிக்கு அப்படியே நகர்த்தப்பட்டது. அதையும் சேர்த்து இங்குள்ள அசல் கட்டடங்களின் எண்ணிக்கை இப்போது 89.