திசைகாட்டியின் 32 பெயர்கள்

பாய்மரக் காலத்து ஐரோப்பிய மாலுமிகள் அடிவானத்தை 32 திசைகளாகப் பிரித்தார்கள். ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391-இல் எழுதிய அஸ்ட்ரோலேப் கருவி பற்றிய நூல், 24 பங்காகப் பிரிக்கப்பட்ட அடிவானத்தைக் கப்பல்காரர்கள் 32 பங்காக எண்ணுவதைக் குறிப்பிடுகிறது.

இந்தப் பகுப்பு காற்றிலிருந்து வந்தது. மத்தியதரைக் கடலில் திசைக்கும் காற்றுக்கும் ஒரே பெயர்தான். இத்தாலிய மாலுமிக்கு வடக்கு ‘திரமொந்தானா’, அதாவது மலைக்கு அப்பாலிருந்து வீசுவது. கிழக்கு, ஞாயிறு எழும் ‘லெவாந்தே’. மேற்கு, அது சாயும் ‘பொனேந்தே’. முதன்மைக் காற்றுகள் எட்டு, அவற்றினிடையே அரைக்காற்றுகள் எட்டு, கால்காற்றுகள் பதினாறு என 32 நிறைந்தது.

வட ஐரோப்பியருக்கு இத்தனை தனிப்பெயர்கள் தேவைப்படவில்லை. ஆங்கிலேயர் நார்த், ஈஸ்ட், சவுத், வெஸ்ட் என்ற நான்கு சொற்களைக் கூட்டியே எல்லாவற்றையும் அமைத்தார்கள்; பிரெஞ்சுக்காரர்கூடத் தங்கள் திசைப்பெயர்களைப் பழைய ஆங்கிலத்திலிருந்தே பெற்றனர். வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே நார்த் ஈஸ்ட்; வடக்குக்கும் அதற்கும் நடுவே நார்த் நார்த் ஈஸ்ட். ‘பை’ என்ற சொல் ஒரு பாயின்ட் விலகலைக் குறித்தது: ‘நார்த் பை ஈஸ்ட்’ என்றால் வடக்கிலிருந்து ஒரு பாயின்ட் கிழக்கே. ஒரு பாயின்ட் 11¼ பாகை. 32 பெயர்களையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பது ‘பாக்சிங் த காம்பஸ்’ எனப்பட்டது. கப்பல் தொழிலுக்கு வரும் சிறுவர்கள் முதலில் கற்ற பாடங்களில் அது ஒன்று.

பாய்க்கப்பலுக்கு இந்த அளவை பொருந்தியது. சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ ஆறு பாயின்ட் வரைதான் நெருங்கிச் செல்லும். அலையில் ஆடும் கப்பலைச் சுக்கான் பிடிப்பவர் பாகைக் கணக்கில் நேராக நிறுத்துவதும் அரிது. மேலும் நுட்பம் வேண்டியபோது ஒவ்வொரு பாயின்டையும் நான்காக வகுத்து, வட்டத்தை 128 கூறுகளாக்கினர்.

வழக்கில் ஒரு வேறுபாடும் உண்டு. காற்றுக்கு அது புறப்படும் திசையின் பெயர். நீரோட்டத்துக்கு அது போய்ச் சேரும் திசையின் பெயர். ஆகவே கிழக்குக் காற்று மேற்கு நோக்கி வீசும்; கிழக்கு நீரோட்டம் கிழக்கு நோக்கியே ஓடும்.

நீராவிக் கப்பல் காற்றைச் சாராமல் குறித்த பாதையில் சென்றது. அதன் இரும்பு உடல் காந்த ஊசியை இழுத்ததால், அந்தப் பிழையைப் பாகையில் கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. ஜெர்மனியில் 1908-இல் அன்ஷ்யூட்ஸும் அமெரிக்காவில் 1911-இல் ஸ்பெர்ரியும் கடற்படைக் கப்பல்களில் சோதித்த சுழல் திசைகாட்டி, காந்தத்தை நம்பாமல் மெய்யான வடக்கைக் காட்டியது. இருபதாம் நூற்றாண்டில் சுக்கான் ஆணைகள் 000 முதல் 359 வரையான எண்களாயின. ‘பை’ சேர்ந்த பதினாறு பெயர்களும் வழக்கொழிந்தன. மீதிப் பதினாறு இன்றும் வானிலை அறிக்கைகளில் காற்றின் திசையைச் சொல்லப் பயன்படுகின்றன.