ஊருக்கு வெளியே

1985-ஆம் வருஷம் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில், அதற்குப் பக்கத்திலேயே நூறு வருஷத்துக்கு மேல் இருந்த மிருகக்காட்சிசாலை, வண்டலூர்க் காட்டில் புதிதாகத் திறக்கப்பட்டது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில்களுக்கான நிலையம் இருக்கிறது. பழைய புத்தகக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். வண்டலூர் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று ஸ்டேஷன் தூரம்.

மூர் மார்க்கெட்டில் நாலணாவுக்குக் கிடைத்த புத்தகத்தைப் பற்றிப் பேசாத மூத்த எழுத்தாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தப் பேச்சில் எனக்குப் பொறாமை உண்டு; கூடவே ஒரு சந்தேகமும். இந்த ஞாபகங்களில் எல்லாம் எழுத்தாளன் நடந்துபோகிறான். திருவல்லிக்கேணியிலிருந்து நடக்கிறான், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடக்கிறான். செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ தொடங்கியதும் திருவல்லிக்கேணியில்தான். நவீனத்துவம் என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு மேல்நாட்டுப் படிப்பு எவ்வளவு காரணமோ, அவ்வளவு குறைந்த வாடகைக்கு ஊர் நடுவில் ஓர் அறை கிடைத்ததும் காரணம். இதை நம் விமர்சகர்கள் யாரும் எழுதவில்லை. வாடகையைப் பற்றி எழுதினால் இலக்கியம் கெட்டுப்போகும் என்ற பயமாக இருக்கலாம்.

ஆனால் ‘ஊர் நடு’ என்பது எது? நான் ஜார்ஜ் டவுனில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்து, 1906-இல் ஜார்ஜ் டவுன் என்று மாற்றிய அந்தப் பிரதேசம்தான் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். கன்னிமாரா நூலகத்துக்கு 1890-இல் அஸ்திவாரம் போட்டபோது அதை அங்கே போடவில்லை. எழும்பூரில், பாந்தியன் தோட்டத்தில், மியூசியத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். எழும்பூர் அன்றைக்குத் தோட்ட பங்களாக்களின் பேட்டை. கோட்டை வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் நெரிசலுக்குத் தப்பி ஒதுங்கிய புறநகர். பாந்தியன் என்பதே வெள்ளைக்கார சமூகம் கூடிக் களிப்பதற்கு வைத்திருந்த இடம். 1896 டிசம்பரில் ஹென்றி இர்வின் கட்டிய அந்த அழகான மண்டபம் திறக்கப்பட்டபோது தங்கசாலைத் தெருப் பையனுக்கு அது ஊருக்கு வெளியே இருந்தது. 1908-இல் எழும்பூர் ரயில் நிலையம் வந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் கன்னிமாரா ஊர் நடுவுக்கு வந்தது என்று நான் நினைக்கிறேன். கட்டடம் நகரவில்லை, தண்டவாளம்தான் வந்தது.

ஆகவே புறநகர் என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தியாகராய நகரைப் பாருங்கள். மாம்பலம் ஏரி என்றும் நீள ஏரி என்றும் சொல்லப்பட்ட பெரிய நீர்ப்பரப்பின் கரையில் 1920-களில் எழுந்த புறநகர் அது. ஏரியையும் பிறகு தூர்த்தார்கள். மிச்சமிருந்த கொஞ்சத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. ஏரியைக் கொன்ற பாவம் பெரியது, ஒவ்வொரு ஐப்பசியிலும் அது திரும்பி வருகிறது. ஆனாலும் தியாகராய நகரைத் திட்டமிட்டவர்கள் மனைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பூங்காவை நடுவில் வைத்து அதிலிருந்து தெருக்களை விரித்தார்கள். பள்ளிக்கூடங்கள் வந்தன, கடைவீதி வந்தது. குமாஸ்தாவின் பெண்டாட்டியும் பிள்ளைகளும் ரயில் ஏறாமலே ஒரு நகரத்தில் வாழ முடிந்தது. அதனால்தான் அந்தப் புறநகர் இன்று நெரிசலில் மூச்சுத் திணறும் நடு ஊராகவே ஆகிவிட்டது.

அதற்கு அப்புறம் வந்த புறநகர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் இல்லை. வீடுகள் வெளியே போயின; அவற்றோடு என்ன போயிற்று என்று கணக்கெடுத்தால் ஒரு விசித்திரமான பட்டியல் கிடைக்கும். முதலில் போனது வியாதி. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் திறந்தார். நல்ல காற்று வேண்டும் என்பது வைத்தியம், நோயாளி தூரத்தில் இருக்கவேண்டும் என்பது சமூகத்தின் சௌகரியம். 1985-இல் மிருகங்கள். 1996-இல் கொத்தவால்சாவடிக் காய்கறி, கோயம்பேட்டுக்கு. 2002-இல் பிராட்வேயின் வெளியூர் பஸ்கள், அதே கோயம்பேட்டுக்கு. 2006-இல் மத்தியச் சிறை புழலுக்கு. காலியான இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. 2023 டிசம்பரில் தெற்கே போகும் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு. திறந்த அன்று அதன் வாசலில் ரயில் நிலையம் இல்லை. நகரம் தனக்கு நாற்றமோ சத்தமோ நெரிசலோ தருவதை வெளியே தள்ளியிருக்கிறது. நூலகம், பெரிய ஆஸ்பத்திரி, ஹைகோர்ட், கலைக்கூடம் இவற்றைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டது.

இந்த வரிசையில் மனிதர்களும் உண்டு. குடிசை மாற்று வாரியம் 1970-இல் ஏற்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித்தருவது முக்கியமான நோக்கமாக இருந்தது. பட்டினப்பாக்கத்திலும் மற்ற இடங்களிலும் கட்டவும் செய்தார்கள். 2000-ஐ ஒட்டி அந்த எண்ணம் மாறிவிட்டது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டுவேலை செய்த பெண்களுக்கு வேலை அங்கேயே இருந்தது, படுக்கை மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டில் வாசல் தெளித்துவிட்டு ஏழு மணிக்குத் தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத் திரும்பியவள், இனி எதை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பலர் வேலையை விட்டார்கள்.

கண்ணகி என்று பெயர் வைத்தவர் சிலப்பதிகாரம் படித்திருப்பாரா என்று யோசித்திருக்கிறேன். மதுரைக் காண்டத்தில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்று ஒரு காதையே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்ததும் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில்தான் தங்குகிறார்கள். பிறகு இடைச்சேரியில் மாதரியின் அடைக்கலம். கோவலனுக்கு உள்ளே வேலை இருக்கிறது, சிலம்பை விற்க வேண்டும். உள்ளே போகிறான். நியாயம் கேட்க வேண்டிய இடமும் உள்ளேதான் இருக்கிறது. அதற்கு அவளும் போகவேண்டியிருக்கிறது. ஊர், சேரி என்று கிராமத்தை இரண்டாக வெட்டிவைத்த நமக்கு இந்தத் திட்டத்தை எந்த நிபுணரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

என் கதைக்கு இந்தக் கனம் கிடையாது. நான் விரும்பி, தவணை கட்டி, தாம்பரத்துக்கு அப்பால் வீடு வாங்கியவன். எழும்பூர் என் ரயில் பாதையிலேயே இருக்கிறது. சாயங்காலம் இறங்கி ஒரு மணி நேரம் படித்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்க முடியும், பிடிக்கிறேன். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் போவதுண்டு. அடுத்த வருஷமே அதை ஆஸ்பத்திரியாக்குவதாக அரசு அறிவித்து, விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போனபோது நம்மவர்கள் எல்லோரும் கோபப்பட்டோம். சரியான கோபம்தான். ஆனால் மண்டபம் எங்கே, வாசகன் எங்கே என்று அப்போது நாம் பேசிய ஞாபகம் இல்லை.

இதைப் பேசியவர் ரங்கநாதன். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. பெரிய மண்டபத்தை நம்பாமல், சொத்து வரியோடு ஒரு நூலக வரியைச் சேர்த்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதன் கீழ் கிளைகள் என்று சட்டம் போட்டது. வரி இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. நானும் கட்டுகிறேன், பெரும்பாக்கத்துக்காரனின் கடை வாடகைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும்.

சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. பெருநகரத் திட்டப் பகுதியை 1,189-லிருந்து 5,904 ஆக்கி 2022-இல் ஆணை வந்தது. காகிதத்தில் நான் இப்போது மறுபடியும் பட்டணத்துக்காரன். எங்கள் பகுதிக் கிளை நூலகம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறது. இரண்டு பத்திரிகை மேஜைகள், நாலு அலமாரி, மழைக்காலத்தில் நனைந்த வாசனை. நான் ரயிலிலிருந்து இறங்கும்போது அது பூட்டியிருக்கும். எட்டு வயதான என் பெண் புலியையும் வெள்ளை மயிலையும் பார்க்க வண்டலூருக்கு ஐந்து முறை போய்விட்டாள். கன்னிமாராவுக்கு ஒரு முறை கூட்டிப்போனேன். போக வர மூன்று மணி நேரம். புத்தகம் எடுத்தால் திருப்பிக் கொடுக்க மறுபடி வரவேண்டுமே என்று அவளே எடுக்காமல் வந்துவிட்டாள்.